கூறுபோட வந்த எண்கள்

2323824530227200000000.

இருபத்திரண்டு இலக்கம். தமிழ்க் கீழ்வாய் இலக்கம் என்று அச்சில் வழங்கும் பட்டியலின் கடைசிப் படி இது. ஒன்றை இத்தனை கூறாகப் போட்டால் அதில் ஒரு கூறுக்குத் தேர்த்துகள் என்று பெயர். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு என்று ஏதாவது ஒரு நாள் வந்தால் போதும், இந்தப் பட்டியல் என் கைப்பேசிக்கு வந்துவிடும். தமிழன் அன்றே நானோவை அளந்துவிட்டான் என்று அடியில் ஒரு வரி இருக்கும். அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகள். அதனால் கோபமும் வருகிறது, கொஞ்சம் பொறுப்பும் வருகிறது.

யாரும் எதையும் அளக்கவில்லை. தேர்த்துகளை நிறுக்கத் தராசு ஏது, அளக்கக் கோல் ஏது? பட்டியல்களே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. நீட்டலளவை வாய்பாட்டில் எட்டு அணு சேர்ந்தால் ஒரு தேர்த்துகள். கீழ்வாய் இலக்கத்திலோ தேர்த்துகள் அணுவைவிடப் பல லட்சம் கோடி மடங்கு சிறியது. அளந்து பார்த்துப் பெயர் வைத்தவன் இப்படித் தலைகீழாக வைக்கமாட்டான். இது வகுத்து வகுத்து வந்த எண். கணக்கெழுதுகிறவனின் ஏட்டில் பிறந்ததே தவிர, எதையும் உற்றுப் பார்த்தவனின் கண்ணில் பிறந்ததல்ல.

ஆனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்குப் பொழுது நிறைய. திருவண்ணாமலையில் பே கோபுரத் தெரு வீட்டுத் திண்ணையில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து அந்த எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தேன். இரண்டு 22 தடவை, மூன்று 5 தடவை, ஐந்து 8 தடவை, ஏழு 4 தடவை. அப்புறம் 11, 13, 17 ஒவ்வொரு தடவை. அவ்வளவுதான். பதினேழுக்கு மேல் ஒரு பகா எண்கூட உள்ளே இல்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு 22 இலக்கம் எழுதிப் பாருங்கள், அதற்குள் அநேகமாக ஏதாவது ஒரு பெரிய பகா எண் அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். இந்த எண்ணில் அப்படி ஒரு முரடு கிடையாது. இதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் மட்டும் 49,680. அந்த விடையைப் பார்த்த பிறகுதான் எனக்கு இதன் மேல் மரியாதை வந்தது. யாரோ ஒரு கூட்டம், கூறுபோடுவதற்கென்றே இதைக் கட்டி வைத்திருக்கிறது.

எங்கள் தாத்தா இந்த ஊர் மண்டியில் கணக்கெழுதினவர். நெல்லும் மணிலாக்கொட்டையும் வரும் மண்டி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த கடைசித் தலைமுறை. அவருக்கு ஒன்று என்றால் 320 முந்திரி. அரை 160, கால் 80, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, அரைமா 8, காணி 4, அரைக்காணி 2. எல்லாம் முழு எண்ணாக விழும். பின்னத்தைக் கூட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் முந்திரியை எண்ணிக்கொண்டு போய்விடுவார். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் அதை முன்னாடியே கண்டுபிடித்து, பெயரும் வைத்து, சுவடியில் ஏற்றி, பையன்களை உருப்போட வைத்துவிட்டார்கள். முந்திரியையும் 320ஆகப் பிரித்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒன்று.

முகத்தலளவையிலும் இதே புத்திதான். 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஒரு ஆழாக்கு, எட்டு ஆழாக்கு ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். பெருக்கிக்கொண்டே போனால் கலம் ஒன்றுக்கு 13,82,400 நெல். யாரும் உட்கார்ந்து எண்ணியதில்லை, எண்ணினாலும் வராது. நெல்லுக்கு நெல் பருமன் வேறு. ஆனால் அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்க 144 எண்கள் இருக்கின்றன. தாத்தா இதை வைத்து என்னைச் சோதிப்பார். “ஒரு கலத்தை ஏழு பேருக்குப் பிரிடா, எத்தினி நெல்லு மிஞ்சும்?” ஐந்து மிஞ்சும். “மூணு பேருக்கு?” மிஞ்சாது, 32 நாழி. “ஏன் மிஞ்சல?” தூணி மூன்று சேர்ந்துதானே கலம், அதனால். நான் பிற்பாடு பிள்ளைகளுக்கு வகுபடும் தன்மை நடத்தியபோதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தேன். பாடப் புத்தகத்தில் இருந்த உதாரணத்தைவிட இது எப்போதும் எடுபட்டது.

கலத்துக்கு 96 நாழி என்பதைக் கவனியுங்கள். சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு 96 இன்னொரு இடத்திலும் பழக்கமான எண். கோயிலில் ஒரு நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடு விடுவது அன்றைய வழக்கம்; சில ஊர்களில் 90. பசுவாக விட்டால் 32. மூன்று ஆட்டுக்கு ஒரு பசு என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக நிற்கிறது. பாதி விளக்குக்குத்தான் வசதி என்றால் 48. தானம் கொடுக்கிறவனின் கைக்குத் தக்கபடி குறுக்கவும் நீட்டவும் 96 இடம் கொடுக்கும், நூறு கொடுக்காது. எங்கள் அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் தொகுத்து வெளியிட்டது. அதைப் புரட்டுகிற யாருக்கும் தெரியும், அரசர்களின் மெய்க்கீர்த்தி முடிந்ததும் பெரும்பாலும் வருவது கணக்குத்தான்: எவ்வளவு நிலம், எவ்வளவு பொன், நாளொன்றுக்கு எவ்வளவு நெய், எவ்வளவு அரிசி. சன்னதியில் நின்று சுவரைப் பார்க்கும்போது எனக்குப் பக்தியைவிடப் பேரேடுதான் முதலில் கண்ணில் படுகிறது. என் மனைவி இதற்காக என்னைத் திட்டுவாள்.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தஞ்சாவூர்தான் சாட்சி. ராஜராஜன் காலத்து நில அளவையில் ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் கணக்கெடுத்து வரி போட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் வியக்கின்றன. ஒரு வேலி சுமார் ஆறரை ஏக்கர். அதை இப்படிக் கூறுபோட்டால் ஒரு கூறு சதுர அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. வயலில் எலி வளை தோண்டினால் அதைவிட அதிகம் போய்விடும். அளவுகோல் பிடித்தவன் அந்த இடத்தைப் பார்த்திருக்கவே முடியாது. அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் சங்கதி வெளிவருகிறது: 320ஐ 320ஆல் பெருக்கி, மறுபடியும், மறுபடியும் பெருக்கி, கடைசியில் ஐந்தால் பெருக்கினால் அதுதான். உள்ளே இரண்டும் ஐந்தும் தவிர வேறெதுவும் இல்லை. முந்திரி, கீழ்முந்திரி, அதற்கும் கீழ் என்று ஏட்டில் இறங்கியவர்கள் விட்டுச்சென்ற தடம் அது. கோலின் நுட்பத்தைப் பாராட்டுகிற நேரத்தில் கணக்கனின் பிடிவாதத்தைப் பாராட்டலாம் என்பது என் கட்சி. கடைசிச் சில்லறை வரைக்கும் தள்ளுபடி செய்யாமல் எழுதினானே, அவனை.

ஆனால் இரண்டையும் ஐந்தையும் வைத்து எவ்வளவு கீழே இறங்கினாலும் ஒன்று நடக்காது. மூன்றாகப் பிரிக்க முடியாது. 320 முந்திரியை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 106, மிச்சம் இரண்டு. அந்த இரண்டைக் கீழ்முந்திரியாக்கினாலும் மறுபடி மிச்சம் நிற்கும். எத்தனை தடவை 320ஆல் பெருக்கினாலும் மூன்று உள்ளே வராது. தாத்தா சொல்வார், “ரெண்டா பிரிக்கிற வீட்டுல எவனும் மண்டிக்கு வந்து நிக்கமாட்டான்டா. மூணு அண்ணன் தம்பின்னாதான் கணக்கப்பிள்ளையத் தேடுவான்.” பட்டியலில் கீழ்முந்திரிக்கு அடுத்து வருவது இம்மி. முந்திரியில் 3,360இல் ஒன்று. ஏன் 3,360? அதற்குள் மூன்று இருக்கிறது, ஏழும் இருக்கிறது. இப்போது மூன்றில் ஒரு பங்கு என்றால் 106 முந்திரி, 2,240 இம்மி, மிச்சம் இல்லை. ஏழில் ஒரு பங்கு என்றால் 45 முந்திரி, 2,400 இம்மி. அதற்கும் மிச்சம் இல்லை. பட்டியலிலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான். அடுத்த படி மும்மி. 22ஆல் பெருக்குகிறார்கள், 11 உள்ளே வந்துவிடுகிறது. நாகவிந்தம் என்ற படியில் 17. கடைசியில் தேர்த்துகளுக்கு ஆறரையால் பெருக்குகிறார்கள், அதில் 13 வந்து சேர்கிறது. பகா எண்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் அழைத்துக்கொண்டது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. கணக்கில் கைப்பழக்கம் உள்ளவர்கள் இதைத் தற்செயல் என்று சொல்லமாட்டார்கள். இம்மிக்குக் கீழே போன படிகளை மண்டியிலோ வயலிலோ யாரும் பயன்படுத்தியிருக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அங்கிருந்து அது வாத்தியார்களின் விளையாட்டு. விளையாட்டாக இருந்தால் என்ன?

கோயிலில் இன்னும் இந்தப் புத்தி மிச்சமிருக்கிறது. சங்காபிஷேகம் என்றால் 108, இல்லாவிட்டால் 1008. ஆயிரத்தெட்டுச் சங்கை வரிசைக்கு 36 என்று 28 வரிசையாகப் பரப்பலாம்; வரிசைக்கு 48 என்று 21 வரிசையாகவும் பரப்பலாம். ஆயிரமாக இருந்தால் மூன்றாலும் போகாது, ஏழாலும் போகாது. பஞ்சாங்கத்தின் பெரிய எண்களும் இந்த இனம்தான். நான்கு யுகம் சேர்ந்த மகாயுகம் 43,20,000 ஆண்டு. அதற்கு 180 வகுத்திகள். ஊர் உலகத்திலும் இது புதுசில்லை. பிளேட்டோ ஒரு லட்சிய நகரத்துக்கு 5,040 குடும்பங்கள் போதும் என்று எழுதினார். ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் எல்லா எண்ணாலும் அது மீதியில்லாமல் வகுபடும், வரி போடவும் படை திரட்டவும் வசதி என்பது அவர் சொன்ன காரணம். அவரும் ஒரு கணக்கப்பிள்ளைதான்.

1957 ஏப்ரல் 1 எங்கள் வீட்டில் ஒரு துக்க நாள். அன்றிலிருந்து ரூபாய்க்கு நூறு நயா பைசா. அதுவரைக்கும் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192 பை. மூன்று பேர் ஒரு ரூபாயைப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு அஞ்சணா நாலு பை. யாருக்கும் மனக்குறை இல்லை. புது ரூபாயை மூன்றாகப் பிரித்தால் ஒரு பைசா நடுவில் நிற்கிறது. அந்த ஒரு பைசாவை வெள்ளைக்காரன் போன பிறகு வந்த சனியன் என்று தாத்தா சொல்வாராம். நான் கேட்டதில்லை, அப்பா சொல்லித்தான் தெரியும். 192க்கு 14 வகுத்திகள், 100க்கு ஒன்பது. மெட்ரிக் முறையில் குறை காண நான் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அதைத்தான் கற்றுக்கொடுத்தேன், பிள்ளைகளுக்குப் பெரிய சுமை குறைந்தது. ஆனால் பத்து என்ற எண்ணுக்கு விரலைத் தவிர வேறு சிபாரிசு இல்லை. படியும் மரக்காலும் சட்டப்படி போயின. 1980இல் கிராமக் கர்ணம் பதவியும் போய்விட்டது. முந்திரி என்று இன்றைக்குச் சொன்னால் கேசரியில் போடுவதுதான் ஞாபகத்துக்கு வரும்.

இனி ராமானுஜன். அவரை இந்தக் கதைக்குள் இழுத்து, எண்சுவடிதான் அவரை உருவாக்கியது என்று முடிச்சுப் போட எனக்கு விருப்பமில்லை. அவர் இந்தப் பக்கம் வந்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். 1910ஆம் வருஷக் கடைசியில், எஃப்.ஏ. தேர்வில் தோற்று, கல்யாணமும் ஆகி, வேலை தேடிக்கொண்டிருந்த இருபத்துமூன்று வயசுப் பையன், நோட்டுப் புத்தகத்தோடு திருக்கோயிலூருக்குப் போனார். விழுப்புரத்திலிருந்து காட்பாடி போகும் ரயில் பாதையில், எங்கள் ஊருக்குத் தென்கிழக்கே இருக்கிற ஊர். அதே வழியாக 1896இல் பதினாறு வயசுப் பையன் ஒருவன் வந்து திருவண்ணாமலையில் இறங்கினான். அவனைத்தான் பிற்பாடு ரமண மகரிஷி என்றோம். ராமானுஜன் மலை வரைக்கும் வரத் தேவையிருக்கவில்லை. அவர் தேடிப்போன ஆள் திருக்கோயிலூரிலேயே இருந்தார்: துணைக் கலெக்டர் வி. ராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். பையன் கேட்டது தாலுகா ஆபீஸில் ஒரு சின்ன குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ஐயர் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. வருவாய்த் துறையின் அடிமட்ட உத்தியோகத்தில் இவனை மூச்சுத் திணற வைக்கக்கூடாது என்று நினைத்து, சென்னையிலிருந்த கணிதக்காரர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கிஸ்திக் கணக்கும் அணா பைக் கூட்டலுமாக அந்த நோட்டு முடிந்துபோகாமல் தப்பியது எங்கள் பக்கத்து ஊரில்தான். இதைப் பிள்ளைகளிடம் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுத்ததில்லை. பிறகு 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாசம் 30 ரூபாய்க்கு அவர் உட்கார்ந்தது வேறு கதை.

1914இல் கேம்பிரிட்ஜ் போனார். மறு வருஷமே லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. உயர் பகு எண்கள் பற்றியது. கேள்வி எளிமையானது. ஓர் எண்ணுக்கு, அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் இருந்தால் அது உயர் பகு எண். 12க்கு ஆறு வகுத்திகள். பன்னிரண்டுக்குக் கீழே எதற்கும் அவ்வளவு கிடையாது. அடுத்து 24, 36, 48, 60, 120. பிளேட்டோவின் 5,040உம் இந்தப் பட்டியலில் இருக்கிறது, 60 வகுத்திகளோடு. நம் கணக்கர்கள் எது வசதி என்று பார்த்துத் தொட்டதை ராமானுஜன் எது உச்சம் என்று கேட்டார். இந்த எண்களின் உள்கட்டு எப்படி இருக்கும் என்பதையும் சொன்னார்: இரண்டின் அடுக்குதான் பெரியது, மூன்றின் அடுக்கு அதற்கு மேல் போகாது, ஐந்தின் அடுக்கு மூன்றின் அடுக்கைத் தாண்டாது, இப்படியே இறங்கும்; நடுவில் எந்தப் பகா எண்ணும் விட்டுப்போகாது; கடைசிப் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும், 4க்கும் 36க்கும் மட்டும் விலக்கு. 1916 மார்ச்சில் இந்தக் கட்டுரைக்குத்தான் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி வழி பி.ஏ. பட்டம் கொடுத்தது. லண்டன் கணிதக் கழகத்துக்கு அப்போது பணமுடை. கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமலே தங்கி, 1988இல்தான் வெளியுலகுக்கு வந்தது. 1997இல் நிக்கோலாவும் ரோபனும் அதைக் குறிப்புகளோடு பதிப்பித்தார்கள்.

முதலில் அச்சான கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. 102 எண்கள். கணிப்பொறி கிடையாது, கால்குலேட்டர் கிடையாது, கையால் போட்டது. கடைசி எண் 6746328388800, அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்கு 10,080 வகுத்திகள். அந்த அட்டவணையில் ஓர் எண் விட்டுப்போனதைப் பிற்பாடு கண்டுபிடித்தார்கள்: 293318625600. வேடிக்கை என்னவென்றால், விட்டுப்போன எண்ணை 23ஆல் பெருக்கினால் வருவது அவர் கடைசியாக எழுதிய அதே எண். நான் இதைத் தாளில் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கடைசிப் படியை எட்டியவர், அதற்குக் கீழே இருந்த ஒரு படியில் கால் வைக்காமலே ஏறியிருக்கிறார்.

இப்போது எங்கள் தேர்த்துகளை அவருடைய தராசில் வைக்கலாம். தேறாது. ஐந்தின் அடுக்கு எட்டு, மூன்றின் அடுக்கு ஐந்துதான். ராமானுஜன் விதிப்படி இது தப்பு. இரண்டையும் இடம் மாற்றி, மூன்றை எட்டுத் தடவையும் ஐந்தை ஐந்து தடவையும் வைத்தால் 501946098529075200000 வருகிறது. வகுத்திகள் அதே 49,680. எண்ணோ நான்கரை மடங்குக்கும் மேல் சிறுத்துவிட்டது. இன்னொன்றும் செய்யலாம். இருபத்திரண்டு இரண்டுகளில் பதினொன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு 19ஐ வையுங்கள். பழைய எண் ஏறக்குறைய 108இல் ஒரு பங்காகக் குறையும், வகுத்திகளோ 51,840 ஆகக் கூடும். குறைந்த செலவில் அதிகக் கூறு. உச்சம் தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது.

ஆனால் அந்தப் பதினொரு இரண்டையும் எடுத்தால் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்கும் படிக்கட்டில் பாதி போய்விடும். மண்டியில் நாள் முழுக்க நடந்தது அந்த இறக்கம்தான். அந்த இடத்தில் 19ஐ வைக்கலாம் என்று நான் போய்ச் சொல்லியிருந்தால் தாத்தா பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டிருப்பார்: “பத்தொம்போது பங்காளி எந்த ஊட்டுலடா இருக்கான்?”